சப்வூஃபரை எடைபோடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலில் நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஏற்கெனவே இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்திருக்கிறது, அடுத்து ஒரு பெரிய சப்வூஃபர் (சுருக்கமாக சப், தாழ்ந்த பேஸ் ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி) வாங்கலாம் என்று இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் எதையும் விற்பவன் இல்லை. பல வருடங்களாக என் வீட்டிலும் நண்பர்கள் வீட்டிலும் இந்தப் பெட்டிகளைத் தூக்கி இறக்கி முதுகு பிடித்துக்கொண்டதுதான் என் தகுதி.

ஹை-எண்ட் சப் என்றால் எது? விலையை வைத்தா சொல்கிறீர்கள்?

இல்லை. 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) வரை இறங்க வேண்டும். அங்கேயும் ஹாலை நிறைக்கிற சத்தம் வர வேண்டும். அந்தச் சத்தத்தில் குரல் மாறக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற பெட்டி எதுவானாலும் எனக்கு அது ஹை-எண்ட்தான். ஃபுளோரிடாவின் ஜேஎல் ஆடியோ, வேல்ஸின் ரெல், விஸ்கான்சினின் பெர்லிஸ்டன் போன்றவர்களின் மேல்தட்டு மாடல்கள் ஒரு பக்கம். ஓஹையோவின் எஸ்விஎஸ், டெக்சஸின் ரித்மிக், நார்வேயின் அரெண்டால் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் விலையில் பெரிய இடைவெளி உண்டு. வெட்டவெளியில் வைத்து அளந்தால் அந்த இடைவெளி சத்தத்தில் அதே அளவுக்குத் தெரியாது.

20 ஹெர்ட்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். நாலு கம்பி பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41, ஐந்து கம்பி கிடாரில் 31. பெரிய தேவாலயங்களின் ஆர்கனில் 32 அடிக் குழாய் என்று ஒன்று உண்டு, அது 16. பாட்டு மட்டும் கேட்பவருக்கு 30 வரை சுத்தமாக வந்தாலே பெரும்பாலும் போதும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சினிமா வெடிச்சத்தமும், சில எலக்ட்ரானிக் இசையும், ஆர்கனும்தான். உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிக் காசு மிச்சமாகலாம்.

12 அங்குலமா, 15 அங்குலமா? பெரியது என்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அங்குலம் பாதிக் கதைதான். சப் செய்யும் வேலை காற்றைத் தள்ளுவது. டிரைவர் என்ற ஒலி எழுப்பும் பாகத்தில் முன்னும் பின்னும் நகரும் கோனின் பரப்பையும் அது முன்னால் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் பெருக்கினால் தள்ளும் காற்றின் அளவு வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 அங்குல டிரைவரின் கோன் பரப்பு சுமார் 500 சதுர சென்டிமீட்டர். அது 20 மில்லிமீட்டர் முன்னே போனால் ஒரு லிட்டர் காற்று நகரும். திறந்த மைதானத்தில் தரையில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று 20 ஹெர்ட்ஸில் அளந்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 100 டெசிபல். அதே ஒரு லிட்டர் 40 ஹெர்ட்ஸில் 112 டெசிபல் தரும். அதாவது அதிர்வெண் பாதியாக இறங்கினால், அதே சத்தத்துக்கு நாலு மடங்கு காற்று தள்ள வேண்டும். சினிமாவில் சப்புக்கென்றே இருக்கும் எல்எஃப்இ சேனல், தியேட்டர் அளவில் வைத்தால், 115 டெசிபல் வரை எகிறலாம். மைதானத்தில் 20 ஹெர்ட்ஸில் அதை எட்ட இந்த மாதிரி டிரைவர் ஐந்தாறு வேண்டும்.

வீட்டுக்குள் அறையே கொஞ்சம் கைகொடுக்கும், அதனால் பயப்பட வேண்டாம். ஆனாலும் எட்டு அங்குல டிரைவர் வைத்த குட்டிப் பெட்டி 20 ஹெர்ட்ஸில் பூமியை அதிர வைக்கும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 15 அங்குலக் கோனின் பரப்பு சுமார் 800 சதுர சென்டிமீட்டர். அதே 20 மில்லிமீட்டருக்கு 4 டெசிபல் கூடுதல். ஆனால் 10 மில்லிமீட்டருக்கு மேல் நகர முடியாத மட்டமான 15, நன்றாக நகரும் 12-இடம் தோற்றுப்போகும்.

வாட்ஸ்?

அதிகம் பார்க்க வேண்டாம். பவரை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். 500 வாட்ஸ் பெட்டிக்கும் 1000 வாட்ஸ் பெட்டிக்கும் ஆம்பை (டிரைவருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்ளிஃபயரை) மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான். கோன் தன் எல்லையைத் தொட்ட பிறகு வாட்ஸ் வெறும் சூடு. கோனை நகர்த்தும் செம்புக் கம்பிச் சுருளில் 100 டிகிரி சூடேறினால் செம்பின் மின்தடை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும், சத்தம் இறங்கும். ‘பீக்’ (கணநேர உச்சம்) என்று போட்டு அச்சடிக்கும் ஆயிரக்கணக்கான வாட்ஸை விளம்பரத்தோடு விட்டுவிடுங்கள்.

கால்பந்தைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிக்கு 11 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறார்களே, பொய்யா?

பொய் இல்லை. கேஇஎஃப் கேசி62 என்ற சப் சுமார் 25 சென்டிமீட்டர் கனசதுரம், 14 கிலோ. ஆறரை அங்குல டிரைவர் இரண்டு, முதுகோடு முதுகாக. விவரத்தாளில் 11 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை என்றுதான் இருக்கிறது. அந்த அளவுக்கு அது அருமையான பொறியியல், என் நண்பர் ஒருவர் படிப்பறையில் வைத்துச் சந்தோஷமாக இருக்கிறார். ஆனால் 11 ஹெர்ட்ஸ் என்பது எந்தச் சத்தத்தில் என்ற கேள்விக்கு அந்த ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. மெல்லிய சத்தத்தில் 11 வரை போகும். வால்யூமை ஏற்ற ஏற்ற, உள்ளே இருக்கும் மின்னணு மூளை கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டே வரும், இல்லாவிட்டால் கோன் கிழிந்துவிடும்.

இதற்கு ஹாஃப்மன் விதி என்று பெயர். ஜோசப் அன்டன் ஹாஃப்மன் என்பவர் சொன்னது. கேஎல்ஹெச் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ‘ஹெச்’ அவர்தான். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக சத்தம்: மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். இப்போது ஆம்ப் மலிவாகிவிட்டதால் எல்லோரும் குறைந்த பவர் என்பதை விட்டுக்கொடுத்துச் சின்னப் பெட்டி செய்கிறார்கள், அவ்வளவுதான். பாப் கார்வர் 1990களில் சன்ஃபயர் பெயரில் 11 அங்குலக் கனசதுரத்தில் 2700 வாட்ஸ் ஆம்பைத் திணித்து இந்த வழியைப் பிரபலமாக்கினார்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது?

சிடிஏ-2010 என்ற அளவுமுறையில் எடுத்த எண்களை. முன்பு சிஇஏ-2010 என்றார்கள், இரண்டும் ஒன்றே. டான் கீல் என்ற ஒலிப் பொறியாளர் வகுத்த சோதனையிலிருந்து வந்தது. சப்பை வெட்டவெளியில் தரையில் வைத்து, 20, 25, 31.5, 40, 50, 63 ஹெர்ட்ஸில் குட்டிக் குட்டி ஒலித்துணுக்குகளை அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போய், சிதைவு ஒரு வரம்பைத் தாண்டும் இடத்தில் நிறுத்தி, அதற்கு முந்தைய அளவைக் குறித்துக்கொள்வார்கள். அறை கிடையாது, சோபா கிடையாது, ஒப்பிட ஏற்ற எண்.

இதில் இரண்டு சூட்சுமம் உண்டு. சிலர் ஒரு மீட்டரில் பீக் அளவாகப் போடுவார்கள், சிலர் இரண்டு மீட்டரில் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) அளவாகப் போடுவார்கள். ஒரே பெட்டிக்கு முதல் எண் 9 டெசிபல் கூடுதலாகத் தெரியும். இரண்டு இடங்களில் படித்த எண்களைப் பக்கத்தில் வைக்கும் முன் இதைப் பாருங்கள். இரண்டாவது, அந்தச் சிதைவு வரம்பு ரொம்பத் தாராளம். இரண்டாம் ஹார்மோனிக் (அசல் அதிர்வெண்ணின் இரு மடங்கில் சப் தானாகச் சேர்க்கும் ஒலி) அசல் ஒலிக்கு 10 டெசிபல் கீழே வரை இருக்கலாம், அதாவது 30 சதவீதத்துக்கு மேல். எனவே ‘தேர்ச்சி பெற்ற’ எண் என்றால் சுத்தமான எண் என்று அர்த்தமில்லை, ‘இதற்கு மேல் கேட்காதே’ என்று அர்த்தம். நான் அந்த எண்ணிலிருந்து 6 டெசிபல் கழித்துத்தான் மனதில் வைத்துக்கொள்வேன்.

அவ்வளவு சிதைவு காதில் விழாதா?

விழும், ஆனால் சிதைவு மாதிரி விழாது. அதுதான் விஷயமே. 20 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்கு எட்டவே 78 டெசிபல் வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்கு 51 போதும். 20-ஐ வாசிக்கும்போது சப் தன் பங்குக்கு ஒரு 40-ஐச் சேர்த்துவிட்டால், காது அந்த 40-ஐத்தான் முதலில் பிடிக்கும். கேட்பவர் ‘ஆஹா, என்ன பவர்’ என்பார். கோளாறான பெட்டி சுத்தமான பெட்டியைவிட அதிக பேஸ் தருவதுபோலத் தோன்றுவது இதனால்தான். சுத்தமான 20 ஹெர்ட்ஸை முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் ‘ஒண்ணும் வரலையே’ என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஜன்னல் திரை ஆடுவதைப் பார்ப்பார்கள்.

சீல்டு பெட்டியா, போர்ட் வைத்ததா?

போர்ட் என்றால் காற்று போய்வர ஒரு குழாய்த் துளை உள்ள பெட்டி, சீல்டு என்றால் முழுக்க மூடியது. போர்ட் பெட்டி, அது டியூன் செய்த அதிர்வெண்ணை ஒட்டி அதிக சத்தம் தரும். அதற்குக் கீழே ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் வீதம் சரசரவென்று விழும். சீல்டு பெட்டி முன்னதாகவே இறங்கத் தொடங்கினாலும் 12 டெசிபல் வீதம் நிதானமாக இறங்கும். எட்கர் வில்சர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் மூடிய பெட்டிக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து இந்த வாதம் நடக்கிறது.

நம் ஊர் வீடுகளுக்கு ஒரு சேதி இதில் இருக்கிறது. அமெரிக்காவில் விமர்சனம் எழுதுபவர்களின் வீடுகள் பலவும் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். சுவரே லேசாக அசைந்து பேஸைக் குடித்துவிடும். நம்முடையது செங்கல், கான்கிரீட். பேஸ் உள்ளேயே நிற்கும். அறையின் மிகக் கீழான அதிர்வுக்கும் கீழே அறை தானாகவே அழுத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். நன்றாக மூடிய அறையில் அந்தத் தூக்கல் சீல்டு பெட்டியின் இறக்கத்தை ஓரளவு ஈடுகட்டும். எனவே 16-க்கு 12 அடி அறை, கதவு சாத்தி இருக்கும் என்றால் என் ஓட்டு சீல்டுக்கு. ஹால், டைனிங், மாடிப்படி எல்லாம் ஒரே வெளியாகத் திறந்து கிடக்கும் வீட்டில் சினிமா பார்க்க வேண்டும் என்றால் போர்ட். எடையையும் யோசியுங்கள்: எஸ்விஎஸ் பிபி16-அல்ட்ரா என்ற 16 அங்குலப் போர்ட் பெட்டி கிட்டத்தட்ட 80 கிலோ. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு நான் வரமாட்டேன்.

‘ஃபாஸ்ட் பேஸ்’ வேண்டும், கனமான கோன் மெதுவாகத்தானே நகரும்?

இந்த நம்பிக்கையை எத்தனை முறை புதைத்தாலும் எழுந்து வருகிறது. 40 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 40 முறை போய்வருவது. எந்தக் கோனும் அதைச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் அது வேறு சுருதி. கனமான கோனைத் தள்ள வலுவான காந்தம் வேண்டும், அவ்வளவுதான். டிரம் அடியின் ‘டப்’ என்ற முனை 2000, 3000 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அது உங்கள் மெயின் ஸ்பீக்கரிலிருந்து வருவது. சப்பில் ‘மந்தம்’ என்று கேட்பது பத்தில் ஒன்பது முறை அறை நிறுத்தாமல் முனகுவதுதான். அல்லது சப்பும் ஸ்பீக்கரும் க்ராஸ்ஓவரில் (ஒன்று விட்டு மற்றது தொடங்கும் அதிர்வெண்ணில்) ஒருவர் காலை ஒருவர் மிதிப்பது.

கடையில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாமா?

ஆம்பின் இரைச்சல், பெட்டியின் பினிஷ், ரிமோட், ஆப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போகலாம். பேஸை எடைபோட முடியாது. ஒரு கடையில் எனக்கு இரண்டு சப்களை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியது தெளிவாக ஜெயித்தது. கிளம்பும்போது சும்மா குனிந்து பின்னால் பார்த்தேன். விலை குறைந்ததில் கெய்ன் குமிழ் (சப்பின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) ஒன்பது மணி நிலையில், கூடியதில் ஒரு மணியில். வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா, தெரியாது. எப்படியானாலும் நான் கேட்டது சப்பை இல்லை, குமிழை.

வீட்டில் இரண்டு சப்களை நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நண்பர் வீட்டு ஹால், 16-க்கு 12 அடி, உயரம் 10 அடி, டைல்ஸ் தரை. சோபா பின்சுவரை ஒட்டி. அவருடைய 12 அங்குல சீல்டு சப் டிவி பக்கத்து மூலையில். இன்னொருவர் தன் 15 அங்குலப் போர்ட் பெட்டியைக் காரில் கொண்டுவந்தார். ஒயர் எட்டவில்லை, பிளக் பாயிண்ட் இருந்த இடம் நீளச் சுவரின் நட்டநடு, அங்கேயே இறக்கினோம். நான்கு பேர் கேட்டோம். நான்கு பேரும் ஒரே தீர்ப்பு: 12 ஆழமாக இருக்கிறது, 15 வறட்சியாக இருக்கிறது. பெட்டியைத் தூக்கி வந்தவர் முகம் சுருங்கிவிட்டது.

டீ குடித்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடிப் பிடித்து, இடத்தை மாற்றிப் போட்டோம். தீர்ப்பும் தலைகீழாக மாறியது. இப்போது 12 வறட்சி, 15 ஆழம், ‘கொஞ்சம் ஓவர்’ என்றுகூட ஒருவர் சொன்னார். அடுப்படியிலிருந்து நண்பரின் அம்மா எட்டிப்பார்த்து, “இப்ப போட்டதுக்குத்தான்பா ஷோகேஸ் டம்ளர் ஆடுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அங்கே நடந்த மிகத் துல்லியமான அவதானிப்பு அதுதான்.

காரணம் எளிது. ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர். 16 அடி நீளத்தில் அரை அலை அடங்குவது 35 ஹெர்ட்ஸில். அகலத்தில் 47. உயரத்தில் 56. மூலையில் வைத்த சப் இந்த மூன்றையும் தட்டி எழுப்பும். நீளத்தின் நட்டநடுவில் வைத்த சப் 35-ஐ எழுப்பவே எழுப்பாது. மைக் வைத்துப் பார்த்தபோது, ஒரே சப்புக்கு இரண்டு இடத்துக்கும் 35 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் வித்தியாசம். இரண்டு சப்களையும் ஒரே மூலையில் வைத்தபோது வித்தியாசம் 2 டெசிபலுக்குள். நாங்கள் அதுவரை ஒப்பிட்டுக்கொண்டிருந்தது மூலையையும் நடுச்சுவரையும்.

எனவே முறை இதுதான். இரண்டும் ஒரே இடத்தில், அடுத்தடுத்து. முடியாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று அடுக்கலாம், ஓடாததன் ஒயரைக் கழற்றிவிடுங்கள். உட்காரும் இடம் மாறக் கூடாது, தலைகூட. 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையான பிங்க் நாய்ஸ் (அளப்பதற்கென்று பயன்படும் ‘உஸ்’ என்ற இரைச்சல்) ஓடவிட்டு, இரண்டின் சத்தத்தையும் அரை டெசிபலுக்குள் சமமாக்குங்கள். மாற்றுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. முதலில் மெல்லிய சத்தத்தில் கேளுங்கள், அங்கே இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். நல்ல சப்பின் வேலை சத்தம் ஏறும்போதுதான் தெரியும். எந்தப் பெட்டி முதலில் முக்குகிறது, எதன் போர்ட்டில் காற்று ‘ஃப்ஃப்’ என்கிறது, எது ஒரு கட்டத்துக்கு மேல் வால்யூம் ஏற்றினாலும் ஏறாமல் நிற்கிறது, இதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஷோகேஸ் டம்ளரை முதலிலேயே எடுத்துவிடுங்கள், அந்தக் கிணுகிணுப்பு எல்லாச் சிதைவையும் மூடிவிடும்.

சத்தத்தைச் சமமாக்குவது அவ்வளவு முக்கியமா? 2 டெசிபல் என்ன பெரிய விஷயம்?

மற்ற இடத்தில் சின்ன விஷயம், பேஸில் பெரிய விஷயம். 1000 ஹெர்ட்ஸில் 20 டெசிபல் கூட்டினால் உணரும் ஏற்றத்தை 20 ஹெர்ட்ஸில் 10 டெசிபலே தந்துவிடும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வரைந்து, பிற்பாடு ஐஎஸ்ஓ 226 என்று தரப்படுத்தப்பட்ட வளைகோடுகள் காட்டுவது இதைத்தான். அங்கே 2 டெசிபல் கூடின பெட்டி ‘வேறு தரம்’ என்று தோன்றும்.

போனில் இருக்கும் டெசிபல் ஆப் போதுமா?

ஏறக்குறையச் சமமாக்க, ஒரே போனை ஒரே இடத்தில் வைத்தால், போதும். ஆனால் அது ‘ஏ’ வெயிட்டிங்கில் (தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து அளக்கும் அமைப்பில்) இருந்தால் 20 ஹெர்ட்ஸை 50 டெசிபல் குறைத்துக் காட்டும், ‘சி’க்கு மாற்றுங்கள். லட்சக்கணக்கில் சப் வாங்குபவர் யுஎம்ஐகே-1 மாதிரி ஒரு யுஎஸ்பி மைக் வாங்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு மைக்குக்கும் அதற்கான திருத்தக் கோப்பு தருகிறார்கள். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசம். ஒரு மாலை செலவழித்தால் பிடிபட்டுவிடும்.

என்ன போட்டுக் கேட்பது?

நூறு முறை கேட்ட பாட்டு. பேஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக மேலே ஏறி இறங்கும் பகுதி ஒன்று தேடி வையுங்கள்: எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் முழங்குகிறதா, ஏதாவது ஒன்று காணாமல் போகிறதா. அது அறையைப் பற்றிச் சொல்லும். அப்புறம், பேஸ் டிரம்மும் பேஸ் கிடாரும் ஒன்றாக வரும் இடம்: இரண்டையும் பிரித்துக் கேட்க முடிகிறதா. சினிமா வெடிச்சத்தம் கடைசியில். வெடி எந்தச் சப்பிலும் நன்றாகத்தான் இருக்கும், அது எப்படி இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியாதே.

ஒரு பெரிய சப்பா, அதே காசுக்கு இரண்டு சின்னதா?

இரண்டு. உங்கள் பட்ஜெட் எவ்வளவு என்று கேட்காமலே சொல்கிறேன். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் டாட் வெல்டி 2002-இல் செய்த ஆய்வில் சப்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் விதவிதமாக மாற்றிப் பார்த்தார். இருக்கைக்கு இருக்கை பேஸ் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் அவர் கேள்வி. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே பெரும் முன்னேற்றம். நான்கு சுவரின் நடுவிலும் ஒவ்வொன்று வைத்தால் இன்னும் நல்லது. நான்கைத் தாண்டிப் பெரிய லாபம் இல்லை.

மேலே சொன்ன அதே ஹாலில் யோசித்துப் பாருங்கள். முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளும்போது, நீளவாக்கிலான 35 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒன்று எழுப்ப மற்றது அமுக்கும். அகலத்தின் நடுவில் இருப்பதால் 47 எழும்பவே வழியில்லை. எவ்வளவு காசு கொட்டினாலும் ஒற்றைச் சப்பால் செய்ய முடியாத வேலை இது. கூடவே, இரண்டும் ஒருசேர இயங்கும் இடங்களில் 6 டெசிபல் வரை கூடுதல் சத்தம். ஒற்றை ராட்சசனை ஹாலில் வைத்துவிட்டு நடு சோபாவில் மட்டும் ராஜபோகம், ஓரத்தில் உட்காரும் மனைவிக்கு ஒன்றும் இல்லை என்று இருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுக்கு வழியில்லை. ஒன்றை எங்கே வைப்பது?

சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் சோபா மேல் ஏற்றி வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சப் வைக்கச் சாத்தியமான இடங்களில் நீங்கள் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எங்கே எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப். ஒலிக்குப் போகும் வழியும் வரும் வழியும் ஒன்றுதான், எனவே இது வேலை செய்யும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள்.

டிராக், ஆடிஸி போன்ற ரூம் கரெக்‌ஷன் இருந்தால் இதெல்லாம் தேவையா?

தேவை. மைக் வைத்து அறையை அளந்து ஒலியைத் திருத்தும் அந்த மென்பொருள்கள் மேட்டை வெட்டும், அதை மிக நன்றாகச் செய்யும். பள்ளத்தை நிரப்பாது. அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் 10 டெசிபல் ஏற்றச் சொன்னால் ஆம்புக்குப் பத்து மடங்கு வேலை, உங்களுக்கு ஒன்றும் கேட்காது. முதலில் இடம், பிறகு கரெக்‌ஷன். ஓட்டி முடித்ததும் ரிசீவர் சப்பின் தூரத்தை நிஜத்தைவிட அதிகமாகக் காட்டினால் மாற்றாதீர்கள். சப்புக்குள் இருக்கும் டிஜிட்டல் சுற்று எடுத்துக்கொள்ளும் தாமதத்தையும் அது சேர்த்திருக்கிறது. ஒரு மில்லி நொடி என்பது சுமார் 34 சென்டிமீட்டர்.

‘சர்வோ’ சப் உயர்ந்ததா?

கோன் சொன்னபடி நகர்கிறதா என்று உணர்ந்து ஆம்பைத் திருத்துவதுதான் சர்வோ. இன்ஃபினிட்டி 1968-இலேயே சர்வோ-ஸ்டாட்டிக் என்று 18 அங்குல டிரைவரோடு செய்தது. பிறகு இதில் பெயர் வாங்கியது, டேவிட் ஹால் 1983-இல் தொடங்கிய வெலோடைன். தானோட்டிக் கார்களின் தலையில் சுழன்று லேசரால் தூரம் அளக்கும் லைடார் கருவியைச் செய்ததும் அதே ஆள்தான், பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த அளவீட்டு மூளை கூரை மேல் ஏறிவிட்டது. இன்று ரித்மிக் செய்கிறது. டிரைவர் தன் எல்லைக்குள் இருக்கும்வரை சர்வோ சிதைவை நன்றாகக் குறைக்கும். எல்லையை நீட்டாது. சர்வோ இல்லாமலும் சுத்தமான சப்கள் உண்டு.

பாட்டுக்கு ரெல், சினிமாவுக்கு எஸ்விஎஸ் என்கிறார்களே?

நல்ல சப்புக்கு ஜாதி கிடையாது. ரிச்சர்ட் லார்ட் தொடங்கிய ரெல்லின் தனித்துவம், ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை-லெவல் இணைப்பு. சப் அவுட் (சப்புக்கான தனி வெளியீடு) இல்லாத ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவருக்கு அது வரப்பிரசாதம். மெயின் ஸ்பீக்கர் முழுதாக ஓடும், அது விட்ட இடத்தில் சப் தொடங்கும். அதைப் பொறுமையாகச் சேர்த்து வைத்தால் அழகாக இருக்கும், அதே பொறுமையோடு எந்த நல்ல சப்பை வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் ஆம்ப் கிளாஸ் டி அல்லது பிரிட்ஜ் வகையானால் கறுப்பு ஒயரை எங்கே மாட்டுவது என்று கையேட்டைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், தப்பாக மாட்டினால் ஆம்ப் புகைந்துவிடும்.

சப் கேபிள், பழக்குதல்?

மூடுறை நன்றாக உள்ள எந்த ஆர்சிஏ கேபிளும் போதும். பழக்குதல் என்று வாரக்கணக்கில் ஓட்டுவது வீண். ரப்பர் ஓரம் முதல் சில மணி நேரத்தில் சற்று இளகும், அதன் பிறகு பழகுவது நம் காது.

அடுக்குமாடியில் இருக்கிறேன். சுவரில் ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காதா?

20 ஹெர்ட்ஸின் அலைநீளம் 17 மீட்டர். இரண்டு அங்குல ஃபோம் அதற்கு இருப்பதே தெரியாது. அடியில் வைக்கும் ரப்பர் மேடை தரை வழியாகப் போகும் அதிர்வைக் கொஞ்சம் தடுக்கும், காற்று வழியாகப் போவதைத் தடுக்காது. எனக்குத் தெரிந்த ஒரே வழி, சப்பைச் சோபாவுக்கு ஒட்டி முதுகுப்பக்கம் வைத்து கெய்னைக் குறைப்பது. உங்களுக்கு அதே பேஸ், கீழ்வீட்டுக்குக் குறைவு. ராத்திரி பத்துக்கு மேல் அதுவும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து தெரிந்தவர் மூலம் வரவழைக்கலாமா?

பின்பலகையில் 230 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க மாடல்கள் சில 120-க்கு மட்டும். ஆயிரம் வாட்ஸ் ஆம்புக்கு டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டுவது தலைவலி. ஆம்ப் பலகை போனால் இங்கே மாற்றித் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியதும் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் நண்பரின் பேச்சைக் கேட்காதீர்கள். அது ஷாக் அடிக்கும் வழி. ரிசீவரையும் சப்பையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வாங்கி வந்துவிட்டேன். முதல் நாள் என்ன செய்வது?

க்ராஸ்ஓவரை ரிசீவரில் 80-இல் வையுங்கள், டாம்லின்சன் ஹோல்மன் டிஹெச்எக்ஸ் என்ற சினிமா ஒலித் தரமுறைக்காக வகுத்த எண், நல்ல தொடக்கம். சப்பின் பின்னால் இருக்கும் க்ராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பி, அது குறுக்கே வராமல் பாருங்கள். கரெக்‌ஷனை ஓட்டுங்கள். அதன் பிறகு ஒரு வாரம் கெய்னைத் தொடாதீர்கள். முதல் நாள் பேஸ் குறைவாகத் தெரியும், நாலாம் நாள் சப்பை அணைத்துப் பாருங்கள், எவ்வளவு போயிற்று என்று அப்போது தெரியும். ஷோகேஸ் டம்ளர்களை அலமாரிக்குள் மாற்றிவிட்டீர்கள்தானே?